காலி நாற்காலிகளின் வாதம்

மாசி 3, ஞாயிறு

காலையில் பனி. மாடியில் போட்ட துணி காயவில்லை.

6.40 மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு நினைவோடு, ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். சாட்சி: சுவரில் ஒரு பல்லி. 6.45 வரை காத்திருந்தேன். நாட்டில் உடனடி விளைவு எதுவும் தென்படவில்லை. காபி.

காரணங்களைப் பதிந்து வைப்பது முறை. நேற்று மட்டும் குழுவில் வந்தவை:

– ரோஜாப்பூவோடு காலை வணக்கம், முப்பத்தொன்று.
– சிமெண்ட் ஆலை நம் ஊர் முழுவதையும் எடுக்கப்போகிறது. (ஆதாரம்: ஒருவருடைய மைத்துனர்.)
– எடுக்கப்போவதில்லை. (அதே மைத்துனர்.)
– நாய்க்குட்டி இலவசம்.
– வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் அரசியல்வாதிகளுக்கு வரும் எந்த நோயும் நமக்கு வராது.

பழைய அளவை நூல்காரர்கள் ஒன்றை அறிய மூன்று வழி வைத்தார்கள். கண்ணால் காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைக் கருதல். நம்பத்தக்கவர் உரை. பொய் சொல்லக் காரணம் இல்லாதவர், விஷயம் தெரிந்தவர் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் நம்பத்தக்கவர். மைத்துனர் இதில் சேரமாட்டார். இன்று முதல் எந்தச் செய்தியும் இந்த மூன்றில் ஒன்றைக் காட்டினால்தான் என் வீட்டுக்குள் நுழையலாம். புது நோட்டு, மூன்று கட்டம். நான்காவது கட்டம்: தள்ளுபடி.

9.10. குழுவை நடத்தும் ரெங்கராசு போன். ஊரில் என் அக்கா வயலுக்கு அடுத்த வயல் அவருடையது.

"சார், நீங்க லெஃப்ட்னு காட்டுது. போனு கெட்டுப்போச்சா?"

"இல்லை ரெங்கராசு. கொள்கை முடிவு."

"சரிங்க சார். சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, சேத்து வுடறேன்."


மாசி 4, திங்கள்

பனி குறைவு. கல்லூரி. இரண்டாம் மணி, மதிப்புக் கல்வி. தத்துவம் படித்தவனைப் பொறியியல் கல்லூரியில் வைத்துக்கொள்ள வேறு பாடம் கிடையாது. பட்டியலில் அறுபது பேர், வகுப்பில் இருபத்திரண்டு. வராதவர்களுக்கு நேரே சிவப்பு மை. கை வலி.

மாலை ஜபருல்லா பாய் கடையில் டீ. கல்லூரி வாசலுக்கு எதிரே. துபாயில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்து லப்பைக்குடிக்காட்டில் வீடு கட்டி, பெரம்பலூரில் கடை போட்டவர். டிவியில் ஆறு பேர் விவாதம். பழைய தர்க்கத்தில் பேச்சு மூன்று வகை: உண்மையைக் கண்டுபிடிக்கப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது செற்பம். தனக்கென்று ஒரு கருத்தும் இல்லாமல் எதிராளியை மட்டும் உடைப்பது விதண்டை. ஆறு பேரையும் பிரித்துப் பார்த்தேன். வாதம் 0, செற்பம் 2, விதண்டை 3. ஒருவருக்கு மைக் வேலை செய்யவில்லை. அவரை வாதத்தில் சேர்க்கலாமா என்று யோசனை.

பாய்: "சார், ஒங்க ஊரு பேரு பேப்பர்ல வந்துருக்கு, பாத்தீங்களா?"

ஏழாம் பக்கம். கட்டைவிரல் அளவு அறிவிப்பு. சுண்ணாம்புக்கல் சுரங்க விரிவாக்கம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், மாசி 14 வியாழன், காலை 10.30, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். கீழே புல எண்கள். மூன்றாம் வரியில் அக்காவுடைய இரண்டு ஏக்கரும் கிணறும்.

எழுத்துப் பொடி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். காண்டல் கட்டத்தில் முதல் பதிவு.


மாசி 9, சனி

ஊருக்குப் போனேன். அரியலூர் தாண்டியதும் வேப்ப மரங்கள் சாம்பல் நிறம். முன்னால் மூன்று லாரி, பின்னால் இரண்டு. கண்டக்டர் ஜன்னலைச் சாத்தச் சொல்லாமலே எல்லோரும் சாத்துகிறார்கள்.

அக்கா வயலிலேயே ஓட்டுவீடு போட்டு இருக்கிறாள். மாமா போய் ஆறு வருடம். பருத்தி வெடித்திருக்கிறது. நல்ல வெடிப்பு. வெள்ளையாக இல்லை.

மதியம் 12.50. நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. 12.55. சுரங்கத்துச் சங்கு. 1.00. வெடி. காதில் விழுவதற்கு முன் காலில் தெரிந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நடுவில் வட்டம், எதுவும் விழாமலே.

கிணற்றுச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல். அக்கா அதில் விரலை விட்டுக் காட்டினாள். போன வருடம் நகம் மட்டும் போனதாம்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. விரிசல் உண்டு, வெடியும் உண்டு. அதனாலேயே வெடியால் விரிசல் என்று ஆகிவிடாது. வெடியே இல்லாத பெரம்பலூரில் என் வீட்டுச் சமையலறையிலும் விரிசல் இருக்கிறது.

"ஒன் வூட்டுச் செவுத்துல வெரல் போவுமாடா?"

"போகாது."

"அப்பறம் என்னடா."

நோட்டில் கருதல் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

கூட்டத்தில் பேச அக்கா தயாராக இருக்கிறாள். யாரோ சொன்னார்களாம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று. அடுப்படியில் நின்று கரண்டியை மைக்காகப் பிடித்துப் பேசிக்காட்டினாள். "ஐயா, எனக்குப் படிப்பு இல்ல. ஆனா பாறைய எனக்குத் தெரியும். முப்பத்தாறு அடி எறங்கி நானும் எங்க வூட்டுக்காரரும் ஒடச்சது. கூடயில சுமந்து மேல கொண்டாந்து கொட்டுனது நான். அது தண்ணிக்கு. நீங்க எதுக்கு ஒடைக்கிறீங்க, சொல்லுங்க." அவ்வளவுதான். நாற்பது வினாடி. மீதி நேரத்துக்கு என்ன செய்ய என்று கேட்டாள். இன்னொரு தடவை சொல் என்றேன்.

அதையே மனுவாக எழுதினேன். பெருவிரல் ரேகை வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று போட்டாள். மனு என் பையில்.


மாசி 10, ஞாயிறு

வெயில் ஆரம்பம். ஊர்க்கூட்டம், தண்ணீர் டேங்க் அடியில். நூற்றுக்குக் குறையாமல் ஆட்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். வாத்தியார் என்பதால்.

பதினைந்து நிமிடம் பேசினேன். சுருக்கம்:

1. இந்தக் கருத்துக் கேட்பு வாதம் அல்ல. முடிவை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். செற்பத்தில் கலந்துகொள்வது செற்பத்துக்கு மரியாதை.
2. அளவை நூல்களில் மூன்று வழிக்கு மேல் இன்னொன்றும் உண்டு. இன்மை. மேசைமேல் பானை இல்லை என்பதும் ஓர் அறிவு. இல்லாததையும் கண் பார்க்கும்.
3. எனவே யாரும் போகக்கூடாது. மண்டபத்து நானூறு நாற்காலியும் காலியாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய எதிர்ப்பு கிடையாது.
4. அனுபவச் சான்று: முப்பது வருடம் வருகைப் பதிவேடு பிடித்த கை இது. வந்தவனை யாரும் பார்ப்பதில்லை. வராதவனுக்குத்தான் சிவப்பு மை.

நாலாவது நன்றாக எடுபட்டது. கைதட்டல். பின்னால் யாரோ, "புள்ளைங்களுக்கு இவரு போட்ட ஆப்சென்ட்ட இப்ப ஆலைக்காரனுக்குப் போடறாருடா" என்றார். சிரிப்பு. ரெங்கராசு எழுந்து, "சார் சொல்றதுல பாயிண்டு இருக்கு. யாரும் போவல. முடிஞ்சுது" என்றார். ஒரு கையும் எதிராகத் தூக்கப்படவில்லை.

கலையும்போது ரெங்கராசு சத்தத்தைத் தாழ்த்தி எல்லோருக்கும் சொன்னது: இனிமேல் மைக் கட்டின ஆட்டோ வேண்டாம். தண்டோராவும் வேண்டாம். ஊருக்குள் ஆலையின் ஆள் இருக்கிறான். எதுவானாலும் குரூப்பில் மட்டும்.

திரும்பி நடக்கையில் அக்கா: "பேசாம இருக்கறதுக்கு எதுக்குடா இத்தன பேச்சு?"

"வராமல் இருப்பதும் ஒரு பேச்சு, அக்கா."

"எனக்கு அது வராது. எனக்கு வாயாலதான் வரும்."

அவளைச் சம்மதிக்க வைக்கப் பேருந்து வரும்வரை ஆயிற்று. கடைசியில், "நீ படிச்சவன், சொல்ற" என்றாள். வென்றது வாதமா செற்பமா என்று வரும் வழியெல்லாம் யோசனை. லாரித் தூசு. தூக்கம்.


மாசி 12, செவ்வாய்

சுளீர் வெயில். எலுமிச்சை வாங்க மறக்கக்கூடாது. கரண்ட் பில். செருப்புத் தையல்.

பழைய கிரேக்கத்து ஸ்டோயிக்குகளின் கணக்கை வகுப்பில் சொன்னேன். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொண்டால் கவலை பாதியாகும். மாணவர்களை எழுதச் சொன்னேன். பத்தொன்பது பேரும் 'கையில் இருப்பது' என்பதற்குக் கீழே போன் என்று எழுதியிருந்தார்கள். மதிப்பெண் போட்டேன். தப்பில்லை.

என் பட்டியல்:
கையில் இருப்பவை – என் கருத்து, என் நோட்டு, நாளன்றைக்கு லீவு.
இல்லாதவை – மழை, விலைவாசி, தேர்தல் வாக்குறுதிகள், பாறைக்கு அடியில் இருப்பது, பாறைக்கு மேலே இருப்பவர்கள்.

மாலை பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், வெசாளக்கெழம கூட்டத்துக்கு ஆலைக்காரங்க வேன் புடிச்சிருக்காங்க. வெளியூரு ஆளுங்கள ஏத்தி வந்து ஒக்கார வைக்கப்போறாங்களாம். சாப்பாட்டு டோக்கன் வேற."

"யார் சொன்னது பாய்?"

"எம் மச்சான்."

பேனாவை மூடினேன்.

"என்ன சார், மச்சான்னா எழுத மாட்டீங்களா? அவன் வேனுதான் சார் அது. அவனே ஓட்டறான்."

"வாடகைக்கு ஓட்டுபவர் ஒரு தரப்பு. நம்பத்தக்கவர் உரை என்றால்..."

"அல்லா! நம்பாட்டி போங்க. ஒங்க ஊருக்காரங்ககிட்டயாச்சும் சொல்லுங்க. ஒங்க அக்கா நெலம் சார்."

மச்சான் நேரில் வந்து சொல்லட்டும் என்றேன். பாய் போன் போட்டார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார் போலும். தள்ளுபடிக் கட்டத்தில் ஒரு வரி. பாய் அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.


மாசி 13, புதன்

புழுக்கம். போன் சத்தமே இல்லை. பத்து நாளாக இந்த அமைதி. தத்துவத்தால் கைமேல் கிடைத்த முதல் பலன்.

மாலைப் பேருந்தில் அக்கா வீட்டுக்கு. அவள் மனம் மாறிவிடாமல் பக்கத்தில் இருக்க. பையில்: நோட்டு, மாத்திரை, ஆரஞ்சு ஆறு, அந்த மனு.


மாசி 14, வியாழன்

அக்கா வீட்டில் எழுதுவது. அடர்ந்த மூடுபனி. எட்டு மணிவரை சாலை தெரியவில்லை. அதற்குப் பிறகு வண்டிகளின் சத்தம். ஒன்றன் பின் ஒன்றாக. வேன், வேன், மினி பஸ், டிராக்டர். எல்லாம் அரியலூர்ப் பக்கம்.

அக்கா பருத்திச் செடிக்கு நடுவில் நின்று பார்த்தாள். "எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கடா."

காலண்டர் பார்த்தேன். முகூர்த்த நாள். பழைய தர்க்க முறைப்படி ஐந்து உறுப்பாக எழுதினேன்:

மேற்கோள்: இவை கல்யாண வண்டிகள்.
ஏது: முகூர்த்த நாள், ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் நல்ல புடவை.
எடுத்துக்காட்டு: போன தை மாதம், திருமழபாடியில் நடந்த கல்யாணத்துக்கு இதே சாலையில் இதே போல்.
பொருத்தம்: இன்றும் அப்படியே.
முடிவு: ஆகவே கல்யாணம்.

ஐந்து உறுப்பும் சரி. குறை சொல்ல இடமில்லை.

"டிராக்டர்ல ரெங்கராசு பொண்டாட்டி போறாடா. கையில மஞ்சப் பை. பட்டா, சிட்டால்லாம் அதுலதான் வச்சிருப்பா."

"மூடுபனியில் கயிறு பாம்பாகத் தெரியும் அக்கா. தூரத்துப் பை எதுவாகவும் தெரியும். மொய்க்கவர் வைத்த பையாக இருக்கும்."

"கல்யாணத்துக்குப் போறவ இப்படி மொகத்த வச்சிக்கிட்டாடா போவா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் அப்படித்தான்.

10.30. அக்கா பருத்தி எடுப்பதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. நாற்பது வினாடி இருக்கும். பிறகு எழுந்து மறுபடி எடுக்கப் போனாள்.

12.50. நாய் கட்டிலுக்கு அடியில். 12.55. சங்கு இல்லை. 1.00. வெடி இல்லை. 1.30 வரை இல்லை. அக்கா வயலுக்குக் குடிவந்த ஆறு வருடத்தில் இப்படி ஒரு நாள் இல்லையாம். இன்மையும் ஓர் அறிவு என்று நான்தான் சொன்னேன். எதைப் பற்றிய அறிவு என்று பிடிபடவில்லை. நாய் மூன்று மணிவரை வெளியே வரவில்லை.


மாசி 15, வெள்ளி

காலைப் பேருந்துக்கு நிற்கையில் ரெங்கராசு. தொண்டை கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை கசங்கி, நேற்றையது.

"எங்க சார், நேத்து அக்காவக் காணும்? மூணு தடவ பேரு கூப்புட்டாங்க."

"எங்கே?"

"கூட்டத்துலதான் சார். ஆலைக்காரன் வெளியூரு ஆள எறக்குறான்னு தெரிஞ்சுதுல்ல. நாற்காலி காலியா கெடக்காதுன்னு ஆயிடுச்சு. அப்பறம் போவாம இருந்து என்னா? அதான் புதங்கெழம காலையிலயே மாத்திட்டோம். எல்லாரும் வந்துரணும், ஆளாளுக்குப் பேசணும்னு. குரூப்ல போட்டோமே சார்."

"நான் குழுவில் இல்லை ரெங்கராசு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக்கடவுளே. போனு இன்னும் சரியாவலயா?"

அக்கா போன் பட்டன் போன். குழுவில் வருவதை நான்தான் படித்து அவளுக்குச் சொல்வது வழக்கம். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவளிடம் தனியாகச் சொல்லவில்லை. சார் சொல்லியிருப்பார் என்று நினைத்தாராம்.

நடந்தது, அவர் சொன்னபடி (நேரில் கண்டவர், ஆதாயம் இல்லாதவர், உரை கட்டம்): ஊர்க்காரர் ஐம்பத்தாறு பேர் பேசினார்கள். ரெங்கராசு மனைவி மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். பேசியவர்களுடைய புல எண்களை ஒரு பட்டியலாக எழுதி, மறு ஆய்வு முடியும்வரை அவற்றில் கை வைப்பதில்லை என்று மேடையிலேயே படித்தார்கள். மற்றவை இன்னொரு பட்டியல்.

"அந்தப் பட்டியல்ல எத்தனை பேர்?"

"வெளியூருல குடியிருக்கறவங்க ரெண்டு மூணு பேரு சார்." கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பறம் அக்கா" என்றார்.

பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் போனேன்.


மாசி 18, திங்கள்

காற்று. மனுவோடு அரியலூர் கலெக்டர் அலுவலகம். இரண்டு மணி நேரம் பெஞ்சு. எழுத்தர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, வாங்கிப் படித்தார். கிணறு பற்றிய இடத்தில் தலையாட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். வியாழக்கிழமையே குடுத்திருக்கலாமே."

"அன்றைக்கு வராமல் இருந்ததே எதிர்ப்பு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அக்கா பெயருக்கு நேரே: அழைக்கப்பட்டார். வரவில்லை. ஆட்சேபணை இல்லை. எல்லாப் பெயருக்கும் போட்ட அதே நீல மை.

மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது மட்டும் தந்தார்.

பாய் கடை வழியாக வரவில்லை. பின் தெரு வழியாக வந்தேன்.


மாசி 21, வியாழன்

அக்காவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும். குழு, வேன், பட்டியல், மஞ்சள் பை. கேட்டுவிட்டு ஒரே கேள்வி.

"நம்ம நாற்காலி காலியாடா இருந்துச்சு?"

"இல்லை அக்கா. வேனில் வந்த யாரோ உட்கார்ந்திருந்தார்கள்."

"சாப்பாடு போட்டாங்களாமா?"

"போட்டார்களாம்."

"ம்" என்றாள். பருத்தி எடை போட ஆள் வந்துவிட்டான், வைக்கிறேன் என்றாள்.

மாலை ரெங்கராசு என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். உடனே ஒரு ரோஜாப்பூ. நான் வந்ததைக் கண்டு நான்கு பேர் கைகூப்பினார்கள். நானும் ஒரு ரோஜாப்பூ போட்டேன். புதன்கிழமைச் செய்தியைத் தேடினேன். பிறகு சேர்ந்தவர்களுக்கு முன்பு வந்தது தெரியாதாம்.


மாசி 24, ஞாயிறு

வெயில். மேகம் இல்லை. குழுவில் காலை 7.15க்குப் படம்.

அக்கா வயலில் சுரங்கத்தின் எல்லைக்கல் நட்டார்கள். மொத்தம் ஆறு. சுண்ணாம்பு அடித்து, கறுப்பில் எண். பதினான்காம் எண் கல் கிணற்றுக்கு வடக்கே, நாலடி தள்ளி. கிணறு கல்லுக்கு உள்பக்கம்.